தொடக்கப்பள்ளியில் தொடங்கும் குடிமை: இண்டூர் வட்டாரத்தை முன்வைத்து

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களின் தொடக்கப் பக்கங்களில், தீண்டாமையைப் பாவமென்றும் குற்றமென்றும் மனிதத்தன்மைக்கு மாறானதென்றும் கண்டிக்கும் அறிவிப்பு பல்லாண்டுகளாக இடம்பெற்று வருகிறது. தருமபுரி மாவட்டம் இண்டூரில் முதல் வகுப்பில் சேரும் குழந்தையின் கைக்கும் அந்த அறிவிப்பு வந்து சேருகிறது. ஆனால் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறன் அக்குழந்தைக்கு வாய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரை ‘வாங்க’ என்று அழைக்க வேண்டும், யாரை ‘வா’ என்றால் போதும், எந்தத் தெருவுக்கு விளையாடப் போகக்கூடாது என்பதையெல்லாம் அது கற்று முடித்திருக்கும். எழுத்துக்கு முன்பே சாதி கற்பிக்கப்பட்டுவிடும் சமூகத்தில், குடிமைப் பண்பையும் ஒருவரையொருவர் மதித்தலையும் தொடக்கப்பள்ளி எவ்வாறு கற்பிப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

மாவட்டத்தின் பின்புலம்

இண்டூர், தருமபுரி நகருக்கு மேற்கே, நல்லம்பள்ளி வட்டாரத்தில் உள்ள ஊர். மானாவாரி வேளாண்மையையும், பெங்களூரு, திருப்பூர் போன்ற நகரங்களில் கிடைக்கும் கூலி வேலையையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் தருமபுரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 விழுக்காடு; தருமபுரியின் விகிதம் 68.54 விழுக்காடு. அன்றைய கணக்கில் மாநிலத்தின் கடைசி இடம் இம்மாவட்டத்துக்குரியது. வேறு வழியற்ற குடும்பங்களுக்கு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியே கல்வியின் முதல் வாசலாக இருக்கிறது.

இதே மாவட்டத்தில்தான் 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணமாக்கி நிகழ்த்தப்பட்ட அவ்வன்முறையில் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. ஆண்டாண்டாய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்களோடு பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் சாம்பலாயின. 2024 பிப்ரவரியில், மாவட்டத்தின் இன்னொரு பகுதியான போளையம்பள்ளியில், தோட்ட வேலைக்குச் சென்ற தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிக் கொடுத்த செய்தி வெளியாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இருவர் கைதாயினர்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே பதினோரு ஆண்டுகள். 2012இல் முதல் வகுப்பில் இருந்த குழந்தை இன்று கல்லூரி வயதை எட்டியிருக்கிறது. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் சிலர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடும். அந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடம் இத்தலைமுறைக்குக் கணக்கும் எழுத்தும் கற்றுத் தந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் வாழும் மனிதரைச் சமமாகப் பார்க்கக் கற்றுத் தந்ததா என்பதை அவரவர் அனுபவத்திலிருந்தே சொல்லலாம்.

மரியாதை என்னும் சொல்லின் சிக்கல்

பள்ளிகளில் குடிமைப் பண்பு என்றால் பெரும்பாலும் பெரியோரை வணங்குதல், வரிசையில் நிற்றல், குப்பையைக் கூடையில் போடுதல், நாட்டுப்பண்ணுக்கு அசையாமல் நிற்றல் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் எதுவும் தவறில்லை. எனினும் கீழ்ப்படிதலை மட்டும் குடிமை என்று கற்பித்தால், ஏற்கெனவே பணிந்து நிற்கப் பழக்கப்பட்ட குழந்தை மேலும் பணியும். பணியவைத்துப் பழகிய குழந்தை எதையும் புதிதாகக் கற்காது.

மரியாதை என்ற சொல்லும் சாதியச் சமூகத்தில் நடுநிலையான சொல்லன்று. அது கீழிருந்து மேல்நோக்கி மட்டும் செலுத்தப்படும் காணிக்கையாகவே நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. அறுபது வயது தலித் முதியவரைப் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பதும், அம்முதியவர் அச்சிறுவனுக்கு மரியாதை விகுதி சேர்த்து விடையளிப்பதும் தமிழகக் கிராமங்களில் பலரும் கண்ட காட்சி. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு வயதையும் நெருக்கத்தையும் மட்டும் பொறுத்ததன்று, சாதியையும் பொறுத்தது என்பதைக் குழந்தை மொழியோடு சேர்த்தே கற்கிறது. முன்னிலைப் பெயரிலேயே ஏற்றத்தாழ்வை ஏந்தியிருக்கும் மொழியில், ஒருவரையொருவர் மதித்தல் என்னும் பாடம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

பள்ளிக்குள்ளேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியர் ‘சார்’, ‘டீச்சர்’ என்று அழைக்கப்படுகிறார். சத்துணவு சமைப்பவரையும் கழிப்பறை தூய்மை செய்பவரையும் குழந்தைகள் எவ்வாறு அழைக்கின்றனர்? ஆசிரியர்கள் எவ்வாறு அழைக்கின்றனர்? அப்பள்ளியின் குடிமைக் கல்வி எந்நிலையில் இருக்கிறது என்பதை இவ்விரு கேள்விகளுக்கான விடை காட்டிவிடும்.

சட்டம் தரும் அடித்தளம்

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்து, அதை எந்த வடிவில் கடைப்பிடிப்பதையும் தடைசெய்கிறது. 15ஆம் கூறு சாதி, மதம், பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கடைகள், கிணறுகள், குளங்கள் போன்ற பொது இடங்களில் எவரையும் விலக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 21அ கூறு, 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்குகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் நெருங்கி வந்து பேசுகிறது. நலிந்த பிரிவையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவையும் சேர்ந்த குழந்தைகள் பள்ளியில் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காக்கும் கடமையை அரசின் மீது 8ஆம் பிரிவும், உள்ளாட்சியின் மீது 9ஆம் பிரிவும் சுமத்துகின்றன. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. பாடத்திட்டம் அரசமைப்பின் விழுமியங்களுக்கு இசைய அமைய வேண்டும் என்பது 29ஆம் பிரிவு. ஆகவே தொடக்கப்பள்ளியில் சமத்துவத்தைக் கற்பிப்பது ஆசிரியரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த கூடுதல் தொண்டு ஆகாது. அது சட்டம் விதித்த பணி. அப்பணிக்கு எதிராக நடந்தால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன.

ஆனால் தண்டனைச் சட்டம் தீங்கு நேர்ந்தபின் வருவது. 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், சமூக வாழ்வில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் பிரிக்க இயலாதவை என்று விளக்கியதோடு, அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக நீடிக்கும் முரண்பாட்டைக் குறித்து எச்சரித்தார். சகோதரத்துவத்தைச் சட்டம் ஆணையிட்டு வரவழைக்க முடியாது. அது பழக்கத்தால் வருவது. பழக்கம் இளமையில் அமைவது.

பள்ளி சாதியைக் கற்பித்த வரலாறு

அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளியில் சேர்ந்தது 1900 நவம்பர் 7. அந்நாளை மகாராட்டிர அரசு மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. அப்பள்ளியில் அவர் தனியே ஒரு சாக்கின் மீது அமர்ந்தார். தண்ணீர்க் குழாயைத் தாமே தொடும் உரிமை அவருக்கில்லை. ஏவலர் வந்து திறந்துவிட்டால் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம். அதே நவம்பர் 7இல், நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தருமபுரியில் வீடுகள் எரிந்தன.

தமிழகத்திலும் உணவும் தண்ணீருமே பள்ளிச் சாதியத்தின் முதல் களங்கள். 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது பெரும் அரசியல் கொந்தளிப்பை உண்டாக்கியது. காங்கிரசிலிருந்து பெரியார் விலகுவதற்கு இட்டுச்சென்ற பூசல்களில் அதுவும் ஒன்று. 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், சாதி இந்துக்களுக்கென வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியரால் அடிக்கப்பட்ட தலித் சிறுமி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். 2022இன் இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக் கழிப்பறையைத் தலித் குழந்தைகளைக் கொண்டு தூய்மை செய்யவைத்த குற்றச்சாட்டில் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். ஒரு குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, தாய் விசாரித்த பிறகே செய்தி வெளிவந்தது. நோய் வராதிருந்தால் அது தொடர்ந்திருக்கும். தனக்கு நேர்வது அநீதி என்றும், அதைச் சொல்ல ஓர் இடம் உண்டு என்றும் அக்குழந்தைகளுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

அதே 2022இன் செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்கக் கடைக்காரர் மறுத்த காணொளி வெளியாயிற்று. கடை மூடி முத்திரையிடப்பட்டது; குற்றம் சாட்டப்பட்டோர் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை அக்குழந்தைகள் பாடநூலில் படிக்கும் முன்பே கடை வாசலில் கற்றனர்.

இவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகத் தள்ளிவிட இயலாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் மேற்கொள்ளப்பட்டு 2006இல் நூலாக வந்த கள ஆய்வு, 37.8 விழுக்காடு கிராமங்களின் அரசுப் பள்ளிகளில் தலித் குழந்தைகள் உணவு வேளையில் தனியே அமர்த்தப்படுவதைப் பதிவு செய்தது.

ஆய்வுகள் உணர்த்துவன

பள்ளியின் அன்றாட நடைமுறை குழந்தையின் அறிவுத்திறனையே பாதிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் மேற்கொண்ட ஆய்வு 2006இல் வெளியானது. சிக்கலான வழிப்புதிர்களுக்கு விடை காணும் பணி மாணவர்களுக்குத் தரப்பட்டது. சாதி வெளிப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களும் ஏனையோரும் ஏறக்குறைய ஒரே அளவில் விடை கண்டனர். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் அனைவர் முன்னிலையிலும் அறிவித்தபின், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களின் திறன் கணிசமாகக் குறைந்தது. உதவித்தொகைக்காக ‘எஸ்.சி. பசங்க எழுந்திரிங்க’ என்று வகுப்பில் ஒலிக்கும் குரல் என்ன செய்கிறது என்பதை இவ்வாய்வைக் கொண்டு உணரலாம். உதவித்தொகை உரிமை, அதை வழங்கும் முறை அவமதிப்பாக இருக்க வேண்டியதில்லை.

சேர்ந்து படிப்பதன் பயனையும் ஆய்வுகள் காட்டுகின்றன. டெல்லியின் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு இடமளிக்கப்பட்டபின், அவர்களோடு படித்த வசதிபடைத்த குழந்தைகள் பிறருக்கு உதவும் இயல்பில் மேம்பட்டதையும், ஏழை மாணவர்களை ஒதுக்கும் போக்கு குறைந்ததையும் கௌதம் ராவின் 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனினும் எல்லாச் சேர்க்கையும் ஒரே பயனைத் தருவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்திய மாட் லோவின் ஆய்வில், ஒரே அணியில் சேர்ந்து ஆடியோரிடம் சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணிகளாகச் சந்தித்தோரிடம் அவ்வாறு நிகழவில்லை. சமநிலை, பொது இலக்கு, கூட்டுழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் குழுக்களுக்கிடையேயான தொடர்பு வெறுப்பைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொன்னது இதனோடு பொருந்துகிறது. ஒரே கூரையின்கீழ் உட்கார வைப்பதோடு பள்ளியின் கடமை முடிவதில்லை. யார் யாரோடு, எந்த வேலையில், எந்த நிலையில் சேர்கின்றனர் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

நீதிபதி சந்துரு குழுவும் விடுபட்ட வகுப்புகளும்

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். இதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாதிருத்தல், சாதியைச் சுட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்தல், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடமாற்றுதல், சத்துணவுக்கு ஒன்றிய அளவில் பொதுச் சமையற்கூடம் அமைத்தல் முதலிய பல பரிந்துரைகள் அதில் உள்ளன.

வாரந்தோறும் அறநெறி வகுப்பு ஒன்றை 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு நடத்தலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. வரவேற்கத்தக்க பரிந்துரை. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு வயது பதினொன்று. மணிக்கட்டில் எந்த நிறக் கயிறு கட்டுவது என்பது அதற்குள் வீட்டிலும் தெருவிலும் முடிவாகிவிடுகிறது. நாங்குநேரிக்கு இட்டுச்செல்லும் பாதை மேல்நிலைப் பள்ளியில் தொடங்குவதாகக் கொள்ள முடியாது. ஒன்று முதல் ஐந்துவரையுள்ள வகுப்புகளில் சாதி மறுப்புக் கல்விக்கான திட்டவட்டமான வடிவம் தேவைப்படுகிறது.

தொடக்கப்பள்ளியில் செய்யத்தக்கவை

சிறு குழந்தைக்குச் சமத்துவத்தை வரையறை சொல்லிக் கற்பிக்க முடியாது, நடைமுறையால் கற்பிக்கலாம். அதற்குப் பெரும் செலவும் தேவையில்லை.

1. தண்ணீர்: ஒரே தொட்டி, ஒரே குவளை. தண்ணீர் எடுத்து வழங்கும் பொறுப்பு முறைவைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் வர வேண்டும். தலித் குழந்தை தரும் தண்ணீரை வகுப்பே குடிப்பது, மேடைப் பேச்சு எதையும்விட வலிய பாடம்.

2. துப்புரவு: வகுப்பறையைப் பெருக்குவதும் கரும்பலகை துடைப்பதும் ஆண், பெண், ஊர், காலனி என்ற வேறுபாடின்றிப் பட்டியலிட்ட முறைவேலையாக இருக்க வேண்டும், ஆசிரியரின் பெயரும் அப்பட்டியலில் இருப்பது நல்லது. கழிப்பறை தூய்மை எந்தக் குழந்தையின் வேலையுமன்று.

3. இருக்கை: குடியிருப்பு வாரியாகக் குழந்தைகள் தாமே கூடி அமர்வது இயல்பு. அதைக் கண்டும் காணாமல் விடுவது ஒப்புதல் ஆகிவிடும். வாரந்தோறும் இடம் மாற்றி, கலப்புக் குழுக்களில் பொது வேலைகளைத் தர வேண்டும். மகிழ் முற்றம் திட்டத்தின்படி குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என மாணவர் குழுக்கள் அமைக்கும் வழக்கம் அரசுப் பள்ளிகளில் வந்துள்ளது. குழுக்களைப் பிரிப்பதில் இக்கவனம் இருந்தால் அதுவே நல்ல கருவியாகும்.

4. விளி: குழந்தையை ஊர்ப்பெயராலோ, நிறத்தாலோ, தந்தையின் தொழிலாலோ அழைக்கக் கூடாது. சமையலரையும் தூய்மைப் பணியாளரையும் ‘அக்கா’, ‘அண்ணா’, ‘அம்மா’ என்று மரியாதைப் பன்மையில் அழைக்கப் பழக்க வேண்டும். ஆசிரியர் அவ்வாறு அழைத்தால் குழந்தைகள் தாமே பின்பற்றுவர்.

5. உணவு: 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982இல் சத்துணவும், 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்தன. பசி போக்கும் இத்திட்டங்கள் உடனுண்ணலையும் கற்பிக்க வல்லவை. சமைப்பவர் தலித் என்பதற்காகப் பிள்ளையை உண்ணவிடாத பெற்றோர் இருந்தால், சமையலரை மாற்றிச் சிக்கலை ‘சுமுகமாக’ முடிப்பது தீண்டாமைக்கு வழங்கும் அரசு அங்கீகாரம். ஆசிரியர்கள் அதே உணவை அதே பந்தியில் உண்பதே உரிய விடை.

6. முறையீடு: அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைக்கப்பட்டுள்ளது. எழுதத் தெரியாத குழந்தைக்கு அப்பெட்டி பயன்படாது. வாரம் ஒருமுறை வட்டமாக அமர்ந்து, அந்த வாரத்தில் வருத்தியது எது என்று ஒவ்வொருவரும் சொல்லும் வழக்கம் வேண்டும். 14417, 1098 ஆகிய எண்களையும் குழந்தைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

சிறு குழந்தைகளிடம் சாதியைப் பேசினால் இல்லாத வேற்றுமையை நாமே விதைத்தவர்கள் ஆவோம் என்று ஆசிரியர்கள் சிலர் கருதுகின்றனர். குழந்தை அதை அறியாதிருந்தால் இவ்வாதம் பொருந்தும். அவமதிக்கப்படும் குழந்தை அதை நன்றாக அறியும். பெயர் மட்டும் தெரியாது. பெயர் தெரியாத துன்பத்தைத் தன் குற்றமென்று அது எண்ணிக்கொள்கிறது. சாதிப் பெயர்களைப் பட்டியலிடாமலேயே, ஒதுக்குதல் தவறு என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. வசதியுள்ள குடும்பங்கள் தனியார் பள்ளிகளை நாடிச் செல்ல, பல ஊர்களில் அரசுத் தொடக்கப்பள்ளி தலித் குழந்தைகளும் மிக வறிய பிற சாதிக் குழந்தைகளும் மட்டும் படிக்கும் இடமாகி வருகிறது. அங்கே யார் யாரை மதிக்கக் கற்பது? இதற்கு வகுப்பறைக்குள் விடையில்லை. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை வழங்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவை முறையாகச் செயல்படுத்துவதும், அரசுப் பள்ளியின் தரத்தை எல்லோரும் விரும்பி வரும் அளவுக்கு உயர்த்துவதும் அரசின் பொறுப்பு. பொதுப்பள்ளி பொதுவாக நீடிப்பதே குடிமைக் கல்வியின் முதல் நிபந்தனை.

நாம் செய்யக்கூடியது

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வழிசெய்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடமும் உண்டு. காலனியிலிருந்து தேர்வாகும் தாய் கையெழுத்து மட்டும் போட்டுத் திரும்பும் நிலையே பல இடங்களில் உள்ளது. அவர் கூட்டத்தில் நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்கும் நாளில் அப்பள்ளியின் குழந்தைகள் காணும் குடிமைப் பாடம் வேறாக இருக்கும்.

இண்டூரிலோ வேறெந்த ஊரிலோ உள்ள கல்லூரி மாணவர்கள், தாம் படித்த தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுப் பெற்றோரைச் சந்திக்கலாம். சட்டப் பிரிவுகளை எளிய தமிழில் எடுத்துச் சொல்லலாம். தண்ணீரை யார் எடுத்துத் தருகின்றனர், கழிப்பறையை யார் தூய்மை செய்கின்றனர், உணவு வேளையில் யார் யார் அருகே அமர்கின்றனர் என்ற மூன்று கேள்விகளைக் குழுக் கூட்டத்தில் எழுப்பி, விடைகளைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் செய்யலாம். விடை சரியாக இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் முறையிடவும், தேவைப்பட்டால் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்தை அணுகவும் அப்பதிவு சான்றாகும். பாடநூலில் அச்சான அறிவிப்பை அக்குழந்தை படிக்கக் கற்கும்போது, அதைத் தன் பள்ளியில் ஏற்கெனவே கண்டதாக உணர வேண்டும். அதற்கான வேலை ஒரு கூட்டத்தில், ஒரு கேள்வியில் தொடங்கக்கூடியது.